முப்பத்தொரு பக்கமும் ஓர் எண்ணும்

நாங்கள் வாங்க நினைத்த வீட்டுக்கான மதிப்பீட்டு அறிக்கை வந்த அன்று என் கண்ணில் முதலில் பட்டது வீட்டின் மதிப்பு அல்ல. அட்டையில் என் பெயர் தப்பாக இருந்தது. வல்லின ‘ற’ வரவேண்டிய இடத்தில் இடையின ‘ர’. இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு இது நல்ல சகுனமாகப் படவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 31 பக்கம் முடிவதற்குள் பதினேழு இடங்களில் சுழித்திருந்தேன். அவற்றில் பதினைந்து வெறும் கவனக்குறைவு. மற்ற இரண்டும் பணம்.

வீடு வாங்குவதற்கு முன் நம் கைக்காசில் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்துவது வீண் செலவு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். என் கணவரும் அவர்களில் ஒருவராகத்தான் இருந்தார். “கடன் கொடுக்கிற வங்கி எப்படியும் ஆள் அனுப்பிப் பார்க்கும், நாம் வேறு எதற்கு?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் பட்ட அனுபவத்தை விவரமாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. திட்டவும் போகிறேன், பாராட்டவும் போகிறேன். இரண்டுக்கும் பெயர் தேவையில்லை.

நாணயக் கணக்கில் எழுதினால் ஊருக்கு ஊர் பொருந்தாது. ஆகவே விற்பவர் கேட்ட விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எண்களை எல்லாம் அதோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஒன்பது வயது. இரண்டு தளம், தட்டைக் கூரை, மேற்கே தரையிலிருந்து உத்தரம் வரை கண்ணாடி. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே சுவர் கிடையாது. மொட்டை மாடியில் சூரிய மின் தகடுகள். கைப்பேசியைத் தட்டினால் அணையும் விளக்குகள். வாசலைத் தாண்டியதும் கூடம் இரண்டு மாடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். என் மகள் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தாள். அவள் அண்ணாந்து பார்த்த அந்த வெற்றிடத்துக்கும் விலை போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மதிப்பீட்டாளரை அழைப்பதற்கு முன்பே எங்களிடம் இரண்டு எண்கள் இருந்தன. சொத்து வரிக்காக அரசு குறித்துவைத்திருந்த மதிப்பு 58. வீட்டு விவரத்தைத் தட்டினால் நொடியில் விலை சொல்லும் இணையச் சேவை ஒன்று கொடுத்தது 107. முதல் எண்ணைப் பார்த்ததும் என் கணவர், “நூறு கேட்கிறார்களே, பகல் கொள்ளை” என்றார். இரண்டாவதைப் பார்த்ததும், “விட்டால் போய்விடும், சல்லிசாகக் கிடைக்கிறது” என்றார். ஒரே மாலை, ஒரே நாற்காலி.

58ஐ வைத்துக்கொண்டு விற்பவரிடம் பேரம் பேசப் போனால் சிரிப்பார். வரிக்கான மதிப்பு எந்தத் தேதியில் நிற்கிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்காக வீடுகளை வகைப்படுத்துவது இன்றும் 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணக்கில்தான். அதற்குப் பின் கட்டிய வீட்டுக்கும் அதே தேதிதான், அன்றைக்கு அங்கே வெறும் புல் முளைத்திருந்தாலும்! கலிபோர்னியாவில் 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவின்படி வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போதுதான் பொதுவாக அது சந்தை விலைக்கு இழுத்து நிறுத்தப்படும். அதனால் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தும், நீண்ட காலம் கைமாறாததன் வரி மதிப்பு மற்றதில் ஒரு சிறு பங்காக இருக்க முடியும். ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் 1964ஆம் ஆண்டுக் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2018இல் அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன பிறகு, புதிய கணக்கு 2025இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆக அந்த 58, வீட்டின் விலையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது எழுதியிருந்த தாள் உபயோகப்பட்டது. கட்டிய ஆண்டு, அனுமதி பெற்ற பரப்பு, எத்தனை தளம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. இன்னொன்றும் உண்டு. விற்பவர் இப்போது கட்டும் வரியைப் பார்த்து “இவ்வளவுதானா” என்று நிம்மதி அடையக் கூடாது. கைமாறிய பின் மறுமதிப்பீடு நடக்கும் இடமாக இருந்தால், நீங்கள் கட்டப்போகும் வரி வேறு.

107ஐப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பரப்பு, அறைகளின் எண்ணிக்கை, வயது, அக்கம்பக்கத்தில் விற்ற விலைகள் ஆகியவற்றை ஒரு சமன்பாட்டில் போட்டுப் பிழிந்த எண் அது. கூரை ஒழுகுவதை அது பார்க்காது. விளம்பரத்தில் எழுதிய பரப்பை அப்படியே விழுங்கியிருந்தது என்பது பின்னால் தெரியவந்தது. இத்தகைய கணிப்புக்குப் பேர் போன அமெரிக்க நிறுவனமான சில்லோ, தானே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, வீட்டு விலையை முன்கூட்டிக் கணிப்பது தாங்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. கால் பங்கு ஊழியர்களையும் குறைத்தது. அவர்களிடம் இல்லாத தரவா என்னிடம் இருக்கப்போகிறது என்று இணையப் பக்கத்தை மூடிவிட்டேன்.

மூன்று மதிப்பீட்டாளர்களிடம் தொலைபேசியில் பேசினேன். முதலாமவர் வணக்கம் சொன்ன கையோடு, “எவ்வளவு வரவேண்டும் அம்மா?” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வங்கிக் கடனுக்காக எந்த எண் தேவையோ அதை எழுதித் தருகிறேன் என்கிறார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாமவர் மதிப்பில் இத்தனை விழுக்காடு கட்டணம் என்றார். மதிப்பு ஏற ஏறத் தன் கூலியும் ஏறுகிற ஒருவரிடம் மதிப்பைக் கேட்பது எப்படி? மூன்றாமவர் மட்டும் இரண்டு கேள்விகள் கேட்டார். “எதற்காக மதிப்பு வேண்டும்? எந்தத் தேதிக்கு வேண்டும்?” தேதியைக் கேட்கிறவரை எனக்குப் பிடிக்கும். கட்டணம் ஒரே தொகை, எண் எதுவாக வந்தாலும் மாறாது என்றார். நாங்கள் கடன் கேட்டிருந்த வங்கியின் பட்டியலிலும் அவர் இருந்தார். அந்த வங்கி அவர் அறிக்கையை ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லா வங்கிகளும் இப்படி ஒப்புக்கொள்வதில்லை. தாங்களே அனுப்பிய ஆளைத் தவிர வேறு யாரையும் நம்பாதவை உண்டு.

விற்பவர் கேட்கும் விலையை மதிப்பீட்டாளரிடம் சொல்லவில்லை. இது என் பிடிவாதம். காரணம் இருந்தது. 1987இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டுத் தரகர்களை ஒரு வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டி, வேண்டிய தகவல்களை எல்லாம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். விற்பனைக்குக் குறித்த விலையை மட்டும் ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்றியும் இறக்கியும் காட்டினார்கள். அதிக விலையைப் பார்த்தவர்கள் அதிகமாகவும் குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். தொழில் தெரிந்தவர்களே அப்படி! கேட்டால், குறித்த விலையை நாங்கள் பொருட்படுத்தவே இல்லை என்றார்களாம் பெரும்பாலோர். எங்கள் மதிப்பீட்டாளர் விளம்பரத்தை எங்காவது பார்த்திருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. என் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீட்டைப் பார்க்க வந்த நாள் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. இரண்டே கால் மணி நேரம் இருந்தார். கையில் லேசர் அளவுமானி, தோளில் ஏணி தூக்கிய உதவியாளர் பையன், காகிதம் செருகிய அட்டை. அறை அறையாகச் சிவப்புப் புள்ளியை எதிர்ச் சுவரில் விழவைத்து எண்ணைச் சொல்ல, பையன் எழுதிக்கொண்டே வந்தான். மாடி ஏறியதும் கைப்பிடிச் சுவர் அருகே நின்று கீழே கூடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“விளம்பரத்தில் என்ன பரப்பு போட்டிருந்தது அம்மா?”

“2,480 சதுர அடி.”

“இதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்” என்று கையை வெற்றிடத்தின் மேல் நீட்டிக் காட்டினார். “இங்கே தரை இருக்கிறதா? நின்று காட்டுங்கள் பார்ப்போம்.”

இரட்டை உயரக் கூடத்தின் மேல் பாதி. 14 அடிக்கு 13 அடி, 182 சதுர அடி காற்று. கீழ்த்தளத்தில் ஒருமுறை எண்ணியதையே மேல்தளத்திலும் இரண்டாம் முறை எண்ணியிருந்தார்கள். அத்தோடு பின்பக்கம் கூரை மட்டும் போட்டு மூன்று பக்கமும் திறந்து கிடக்கும் துணி உலர்த்தும் இடம் 86 சதுர அடி, அறைக் கணக்கில் ஏறியிருந்தது. இரண்டையும் கழித்தால் 2,212. விளம்பரத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி இல்லாத தரை. விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டிடத்தின் வெளிக்கோட்டை இரண்டால் பெருக்கிய யாரோ ஒருவருடைய கணக்கை அவரும் நம்பியிருக்கலாம். சுவரின் தடிமனைச் சேர்த்து அளப்பது ஒரு வழக்கம், சுவருக்குள் மட்டும் அளப்பது இன்னொரு வழக்கம். எந்த வழக்கத்திலும் காற்றைத் தரையாக எண்ணுவதில்லை.

மொட்டை மாடியில் அவர் மண்டியிட்டுக் கைவிரலால் வடிகால் வாயைச் சுற்றித் தடவிப் பார்த்தார். தட்டைக் கூரைக்கு உயிர் அங்கேதான் என்றார். தண்ணீர் தேங்கி வற்றிய இடத்தில் வளையம் வளையமாகக் கறை. கீழே வந்து அதே இடத்துக்கு நேராக உட்கூரையைப் பார்த்தால், புதிதாக வெள்ளை அடித்த ஒரு திட்டு மற்ற வெள்ளையோடு ஒட்டாமல் நின்றது. நாங்கள் மூன்று முறை அந்த அறைக்குள் போயிருக்கிறோம். மூன்று முறையும் சன்னலுக்கு வெளியே தெரிந்த மரத்தைப் பார்த்தோம்.

சூரியத் தகடுகளைக் கண்டதும் நான் பெரிதாக எதிர்பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, “இவை விற்பவருக்குச் சொந்தமா, தவணையிலா, வாடகையிலா?” என்று. தவணை பாக்கி இருந்தால் அது வரவல்ல, செலவு. நல்லவேளையாகச் சொந்தம். தகடுகள் இருபத்தைந்து ஆண்டு தாக்குப்பிடிக்கும். ஆனால் மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டருக்கு ஆயுள் பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து ஆண்டு. அதற்கு இப்போது வயது ஒன்பது. எல்லாம் போக அவர் கொடுத்தது 1. கைப்பேசி விளக்குகளுக்குச் சுழியம். “அந்தச் செயலி அடுத்த ஆண்டு இயங்குமா என்று எனக்குத் தெரியாது” என்றார். சமையலறைக் கற்பலகை, மிதக்கும் அலமாரி, அதன் இழுப்பறை சத்தமின்றித் தானே மூடிக்கொள்ளும் அழகு எல்லாவற்றையும் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “போட்டவர் செலவு செய்தது வேறு, வாங்குகிறவர் அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது வேறு” என்று மட்டும் சொன்னார்.

அறிக்கை ஐந்து வேலை நாளில் வரும் என்றவர்கள் பதினொன்றாவது நாள் அனுப்பினார்கள். இரண்டு முறை நினைவூட்டினேன். முதல் முறை பதில் இல்லை. இரண்டாம் முறை “நாளை” என்றார்கள். அந்த நாளை மூன்று நாள் நீண்டது. விற்பவரிடம் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இப்படி இழுத்தடிப்பது மன்னிக்க முடியாத குற்றம். வேறு யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அந்த 31 பக்கம். முதல் ஒன்பது பக்கம் எல்லா வாடிக்கையாளருக்கும் போவது. அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்கத் தக்கது. சந்தை மதிப்பு என்றால் என்ன என்று சர்வதேச மதிப்பீட்டுத் தரநிலைகள் தரும் வரையறை அது. அதன் சாரத்தை இப்படிச் சொல்லலாம்: வாங்க மனமுள்ள ஒருவரும் விற்க மனமுள்ள ஒருவரும், ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக இல்லாமல், போதிய காலம் சந்தையில் வைத்த பின்பு, விவரம் அறிந்து, நிதானமாக, எந்த நெருக்கடியும் இன்றி, மதிப்பீட்டுத் தேதியன்று கைமாற்றிக்கொள்ளும் என்று கணிக்கப்படும் தொகை. என் தொழிலில் ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியாத வாக்கியங்களை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இது அப்படி ஒன்று. ஒப்பிட எடுத்த வீடுகளில் நான்காவதாக ஒன்று இருந்தது, 79க்கு விற்றது. அதை அவர் அடித்துவிட்டு ஓரத்தில் “உறவினருக்குள்” என்று எழுதியிருந்தார். ‘வேண்டியவர்களாக இல்லாமல்’ என்ற இரண்டே சொல் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து வெளியேற்றிவிட்டது.

பதினான்காம் பக்கத்தில்தான் விஷயம். அண்மையில் விற்ற மூன்று வீடுகள், அவற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள வேற்றுமைகள், ஒவ்வொரு வேற்றுமைக்கும் கூட்டலோ கழித்தலோ. கேட்ட விலையை இதில் சேர்ப்பதில்லை, கைமாறிய விலை மட்டும். திருத்துவது நம் வீட்டை அல்ல, விற்ற வீட்டை. அது நம் வீட்டைவிடச் சிறந்ததாக இருந்தால் அதன் விலையிலிருந்து கழிக்க வேண்டும். மட்டமாக இருந்தால் கூட்ட வேண்டும். எல்லாத் திருத்தமும் முடிந்தபின், அந்த வீடு நம் வீடாகவே இருந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நிற்கும்.

முதல் வீடு நான்கு மாதத்துக்கு முன் 88க்கு விற்றது. நம் வீட்டைவிடச் சின்னது, அதற்கு 1.5 கூட்டல். இரண்டு ஆண்டு பழையது, 1 கூட்டல். அதன் கூரை ஒழுகவில்லை, நம்முடையது ஒழுகுகிறது, 1.5 கழித்தல். ஆக 89. இன்னொரு வீடு ஏழு மாதத்துக்கு முன் 93க்குப் போனது. சற்றுப் பெரியது, 0.5 கழித்தல். சூரியத் தகடு இல்லை, 1 கூட்டல். கூரைக்கு 1.5 கழித்தல். அமைதியான உள்தெருவில் இருந்ததால் இன்னும் 1 கழித்தல். 91. இதுவரை என் பேனாவுக்கு வேலை இல்லை.

மூன்றாவது வீடு 104க்கு விற்றது. மனை பெரியது, 7 கழித்தல். தெரு நல்லது, 1 கழித்தல். கூரை 1.5, புதுப்பித்தது 2.5, இரண்டும் கழித்தல். பரப்பு அதிகம், 2 கூட்டல். ஆக 94.

கூட்டலா? நம் வீட்டைவிடப் பெரிய வீட்டுக்குக் கழிக்கவல்லவா வேண்டும்? மூன்று முறை படித்தேன். இரண்டாம் வீட்டில் இதே காரணத்துக்குக் கழித்திருக்கிறார்கள். இங்கே குறி தலைகீழாகிவிட்டது. சரியாகப் போட்டால் 94 அல்ல, 90. ஒரு சிறு கோடு குறுக்கே ஒன்றோடு நெடுக்கே ஒன்று சேர்ந்துவிட்டதில் நாலு எண் போய்விட்டது. மதிப்பீட்டாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. பிறகு ஒரு நீண்ட மௌனம். “நீங்கள் சொல்வது சரிதான்” என்றார். பழியைத் தட்டச்சு செய்த பையன் மேல் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அதற்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுக்கிறேன்.

இரண்டாவது பணப் பிழை அதே வீட்டில்தான். அது விற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. இடையில் சந்தை ஏறியதா, இறங்கியதா என்பதற்குத் திருத்தமே இல்லை. “சந்தை நிலையாக உள்ளது” என்று ஒரு வரி மட்டும். யார் சொன்னது என்று கேட்டேன். அதே பகுதியில் பதினாறு மாத இடைவெளியில் இரண்டு முறை கைமாறிய ஒரு வீட்டின் இரண்டு விலைகளையும் அனுப்பினார். ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வீட்டை வைத்து மொத்தச் சந்தையையும் சொல்லலாமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஆதாரமில்லாத வரிக்கு ஆதாரம் உள்ள வரி மேல். திருத்திய அறிக்கையில் அதைச் சேர்க்கச் சொன்னேன்.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்திருப்பார் என்று நினைத்தேன். அப்படிச் செய்வதில்லையாம். மிகக் குறைவாகத் திருத்த வேண்டியிருந்த வீட்டுக்குத்தான் அதிக எடை. முதல் இரண்டு வீடுகளிலும் கூட்டலும் கழித்தலும் சேர்த்து 4 அளவே கைவைத்திருக்கிறார். மூன்றாவதில் 14. அவ்வளவு ஒட்டுப்போட்ட வீடு சாட்சி சொன்னால் ஓரளவுதான் நம்ப முடியும். முதல் அறிக்கையில் 91.5 என்றிருந்த முடிவு, திருத்தியதில் 90 ஆயிற்று. கீழே 88, மேலே 93 என்று வரம்பும் கொடுத்திருந்தார்.

சரிபார்ப்புக்காகச் செலவு முறையிலும் ஒரு கணக்கு போட்டிருந்தார். அந்த அரைப் பக்கத்தை நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனை 52. இதே வீட்டை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவு 47. கட்டிடத்தின் ஆயுள் 60 ஆண்டு, கழிந்தது 9, ஆகவே தேய்மானம் 15 விழுக்காடு. மீதி கிட்டத்தட்ட 40. இரண்டும் சேர்ந்து 92. கூரைப் பழுதைக் கழித்தால் 90.5. வேறு வழியில் போயும் அருகிலேயே வந்து நின்றது எண். என்னை உறுத்தியது அது அல்ல. நாங்கள் மயங்கியதெல்லாம் அந்த 40க்குள் இருந்தது. கண்ணாடி, உயரக் கூடம், சத்தமின்றி மூடும் இழுப்பறை, எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிற பக்கம். தேயாத 52ஐப் பற்றி நாங்கள் மூவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மண்ணை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை அல்லவா?

வாடகை வருமானத்தை வைத்து மதிப்பிடும் முறையும் உண்டு. நாங்கள் குடியிருக்கத்தான் வாங்குகிறோம் என்பதால் நான்கே வரியில் முடித்துவிட்டார். சரிதான்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. 22ஆம் பக்கத்தில் ‘குளியலறை’ என்று ஒரு படம். அந்தக் குளியலறையில் நீலநிறத் தொட்டி இருந்தது. எங்கள் வீட்டில் தொட்டியே கிடையாது. வேறு யாருடைய அறிக்கையிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியானால் எங்கள் வீட்டுப் படம் எந்த அந்நியரின் கோப்பில் இருக்கிறதோ! படுக்கையறை ஓரிடத்தில் மூன்று, ஓரிடத்தில் நான்கு. மேற்குக் கண்ணாடி பிற்பகலில் வீட்டை என்ன பாடு படுத்தும் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேட்டதற்கு, அதற்காக யாரும் விலையைக் குறைத்து வாங்கியதற்கு இங்கே சான்று கிடைக்கவில்லை என்றார். நியாயமான பதில், ஆனால் அதையும் எழுதியிருக்கலாம்.

இது கட்டிடப் பரிசோதனை அல்ல என்பதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வரவேண்டியது. கூரைக்கு 1.5 என்று அவர் கழித்தது பார்வைக்குத் தெரிந்த பழுதுக்கான ஊகம். சுவருக்குள் குழாய் எப்படி இருக்கிறது, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் அவர் வேலை இல்லை. பத்திரங்களைச் சரிபார்ப்பதும் அவர் வேலை இல்லை. கூரைக்குத் தனியாக ஒரு பொறியாளரை அழைத்தோம். அவருக்கும் தனிக் கட்டணம்.

கணவரின் முதல் கேள்விக்கு வருகிறேன். வங்கி ஆள் அனுப்பும்போது நமக்கு எதற்கு? விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மேல் 80 விழுக்காடு கடன் தருவதாக வங்கி சொல்லியிருந்தது. 100க்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால் எங்கள் கையிலிருந்து 20 போட்டால் போதும் என்று நினைத்திருப்போம். பிறகு வங்கியின் ஆள் 90 என்று சொல்லியிருந்தால் கடன் 72தான். மீதி 28. அந்த எட்டுக்கு நாங்கள் எங்கே போயிருப்போம்? வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது வங்கியின் பணம் பத்திரமா என்று. அதுவும் நாம் முன்பணம் கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகு. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் கணவர் கட்டண ரசீதை எடுத்து ஒழுங்காகக் கோப்பில் வைத்தார்.

விற்பவரைப் பார்க்கப் போனபோது 31 பக்கத்தையும் கொண்டுபோகவில்லை. முடிவு எண்ணைக் காட்டவும் இல்லை. பரப்புப் பக்கம் ஒன்று, கூரைப் பொறியாளரின் செலவுக் கணக்கு ஒன்று, அவ்வளவுதான். அவர் நல்ல மனிதர். வெற்றிடக் கணக்கைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். என் மகள் முதல் நாள் நின்ற அதே இடம். “இதையும் எண்ணிவிட்டார்களா?” என்றார். நாங்கள் 88இல் தொடங்கினோம். அவர் 97க்கு இறங்கினார். இரண்டு வாரம் கழித்து 92இல் முடிந்தது.

மதிப்பு 90 என்று தெரிந்தும் 92 கொடுத்தது ஏன் என்று என் அண்ணன் கேட்டார். வரம்புக்குள்தானே இருக்கிறது என்று சொன்னேன். உண்மையான காரணம், அந்த 2 எங்கே போகிறது என்று தெரிந்து கொடுத்தோம் என்பதுதான். சன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்துக்கு எந்தத் தரநிலையிலும் பத்தி கிடையாது. வங்கி 90ஐ ஏற்று 72 கொடுத்தது. எங்கள் கையிலிருந்து சரியாக 20. ஆரம்பத்தில் எங்களிடம் இருந்ததும் அதுதான்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், வீட்டைப் பார்த்த விதத்துக்கு ஐந்து, எழுதிய விதத்துக்கு இரண்டு. தாமதத்துக்காக அதிலும் அரை குறைக்கிறேன். அதே மதிப்பீட்டாளரை மறுபடி அழைப்பேன். ஆனால் அறிக்கையைப் பெற்ற அன்றே கூட்டல் கழித்தல் குறிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பேன்.

திருத்திய அறிக்கை போன வாரம் தபாலில் வந்தது. குறி சரி, பரப்பு சரி, நீலத் தொட்டி போய்விட்டது. அட்டையில் ‘ர’ அப்படியே இருக்கிறது.